பழைய கட்டிலை விற்பதில் என்ன பேராசை?

"ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருக்கத்தான் செய்வான்." இணைய மோசடிச் செய்தி வரும் நாளெல்லாம் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், சில சமயம் புகார் எழுதிக்கொள்ளும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தும்கூட இந்த வசனம் உதிர்கிறது. படித்தவர்கள் இதையே நாசூக்காகச் சொல்வார்கள்: "ஆசைப்பட்டாதானே சார் ஏமாறுவாங்க?" கேட்டுவிட்டு, தனக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது என்ற நிம்மதியோடு பக்கத்தைப் புரட்டுவார்கள். இந்த நம்பிக்கை தவறு. மோசடிக்காரனுக்கு இதைவிட விசுவாசமான கூட்டாளியும் கிடையாது.

இந்த எண்ணம் காற்றில் முளைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் அநியாய வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களின் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்த தலைமுறை நம்முடையது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததையும் பார்த்தோம். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று ஊருக்கு ஒரு கதை உண்டு. எச். வினோத்தின் 'சதுரங்க வேட்டை' (2014) நாயகன் பிறருடைய ஆசையை மூலதனமாக்கித்தான் தொழில் நடத்துவான். படம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். (மகள் கல்யாணத்துக்கு இரண்டு வட்டி கூடக் கிடைக்காதா என்று நினைப்பதெல்லாம் பேராசைக் கணக்கில் சேருமா என்பது தனி வழக்கு. இங்கே வேண்டாம்.)

ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய பீரோவை, வாஷிங் மெஷினை, பிள்ளை ஓட்டி முடித்த சைக்கிளை விற்க இணையத்தில் விளம்பரம் போடுகிறவருக்கு என்ன பேராசை? வாங்கிய விலையில் கால்வாசிகூட வராது என்று தெரிந்துதான் போடுகிறார். இன்னும் சிலர் "இலவசம், வந்து எடுத்துக்கொண்டால் போதும்" என்றே போடுகிறார்கள். அவர்களுக்கும் அழைப்பு வருகிறது. "நாங்கள் முதியோர் இல்லத்திலிருந்து பேசுகிறோம், வண்டி வருகிறது, டிரைவர் பதிவுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை, உடனே திரும்பி வந்துவிடும்." சும்மா கொடுக்க நினைத்தவர் கையிலிருந்து பணம் போகிறது. இதில் ஆசை எங்கே இருக்கிறது என்று வசனம் பேசுகிறவர்கள்தான் காட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கணவர் படுத்த படுக்கையாக இருந்தபோது வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டிலை அவர் காலமான பிறகு விற்கப் பார்த்தார். விலை 9,000 என்று போட்டார். கொஞ்ச நேரத்திலேயே போன். "மேடம், நான் ஆர்மி. பரங்கிமலைக்கு மாற்றலாகி வர்றேன். அம்மாவுக்குக் கட்டில் வேணும்." இந்தி கலந்த இங்கிலீஷ், நடுவில் இரண்டு தமிழ்ச் சொல். வாட்ஸ்அப்பில் சீருடைப் படமும் அடையாள அட்டையும் வந்தன. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பழைய சாமான் வாங்க வருகிறவன் பேரமே பேசாமல் சரி என்கிறான் என்றால் அங்கேயே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவுக்கோ அது ராணுவத்தானின் கண்ணியமாகப் பட்டது.

"மிலிட்டரி கணக்கு வேற மாதிரி மேடம். நீங்க அஞ்சு ரூபா அனுப்புங்க, பத்தாத் திரும்பி வரும். செக் பண்ணிப் பாருங்க." அனுப்பினார். பத்து வந்தது. அடுத்து ஒரு கியூஆர் கோடு வந்தது. "இதை ஸ்கேன் பண்ணி 9,000 போடுங்க. உங்க 9,000, கட்டில் 9,000, மொத்தம் 18,000 வந்துடும்." போட்டார். வரவில்லை. "சர்வர் பிராப்ளம் மேடம், இன்னொரு தடவை போட்டா ரெண்டும் சேர்ந்து வந்துடும்." பின்னால் யாரோ அதட்டும் குரல், வண்டி புறப்படும் சத்தம். இரண்டாம் தடவையும் போட்டார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் கை நின்றது.

அவர் எதிர்பார்த்தது தன் கட்டிலுக்கான 9,000 மட்டும்தான். அதற்கு மேல் ஒரு பைசா வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

பின் எதில் விழுந்தார்? தெருவில் கியூஆர் கோடை நாம் எங்கே பார்க்கிறோம் என்று யோசியுங்கள். காய்கறிக்காரர் தராசுக்குப் பக்கத்தில், டீக்கடைக் கல்லாவில், பூக்காரம்மா கூடையில். விற்கிறவர் பக்கம்தான் அந்தக் கட்டம் இருக்கும். விற்கிறவருக்குத்தான் அதனால் பணம் வரும். கட்டில் விஷயத்தில் விற்கிறவர் அந்த அம்மா. அதனால் கியூஆர் என்றதும் தனக்குப் பணம் வரப்போகிறது என்று அவர் மனம் கணக்குப் போட்டது. ஸ்கேன் செய்கிற பக்கம் போய் நின்ற கணத்தில் தான் வாங்குகிறவர் ஆகிவிட்டோம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 'பின்' சங்கதியும் இப்படித்தான். பணம் போக மட்டும்தான் பின் வேண்டும் என்கிறோம். ஆனால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் யுபிஐ செயலி அதே பின்னைத்தான் கேட்கிறது. தினமும் இருப்பைப் பார்க்கிற ஓய்வூதியக்காரருக்குப் பின் போட்டால் பணம் போகும் என்ற பயம் எப்படி வரும்?

2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோ, பால் வில்சன் என்பவரோடு சேர்ந்து மோசடிக்கு ஆளாகிறவர்களைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார். வில்சன், பிபிசியின் 'தி ரியல் ஹஸில்' நிகழ்ச்சிக்காக எத்தனையோ ஏமாற்று வித்தைகளை நிஜ மனிதர்களிடம் செய்து காட்டியவர். மோசடி வேலை செய்வதற்கு அவர்கள் ஏழு காரணங்களை எடுத்தார்கள். தேவையும் பேராசையும் சேர்ந்து அதில் ஒன்று. மற்றவற்றில் கவனத்தைத் திருப்புவது உண்டு, அதிகாரத்துக்குக் கட்டுப்படும் பழக்கம் உண்டு, யோசிக்க நேரம் தராத அவசரம் உண்டு. சீருடைப் படம், அதட்டும் குரல், புறப்படும் வண்டி மூன்றும் எங்கே பொருந்துகின்றன என்று பாருங்கள். அவன் அந்த அம்மாவிடம் தட்டியது, வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பண்புகளை. படைவீரனுக்கு மரியாதை, சொன்ன சொல் தவறாமை, காத்திருக்கிறவனைக் காக்க வைக்காமை.

விவரம் தெரியாதவர்கள்தான் விழுகிறார்கள் என்ற துணை வசனமும் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் அப்போதைய டெல்லி முதல்வர் குடும்பத்திலேயே இது நடந்தது. பழைய சோபா ஒன்றை விற்க விளம்பரம் போட்டார்கள். முதலில் ஒரு சின்னத் தொகை வந்தது, பிறகு கியூஆர் கோடு, போனது 34,000 ரூபாய். எதிரில் இருப்பவன் வேலையில்லாத ஒரு பயல் என்று நினைப்பதால்தான் இப்படிப் பேச முடிகிறது. 2023 ஏப்ரலில் இணைய மோசடிக்காரர்களைத் தேடி ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களைச் சோதனையிட சுமார் 5,000 போலீஸாரை இறக்க வேண்டியிருந்தது. சிம் கார்டு பிடித்துத் தர ஓர் ஆள், வங்கிக் கணக்கு பிடித்துத் தர ஓர் ஆள், பேச ஓர் ஆள் என்று பிரித்துக்கொண்டு நடக்கிற தொழில் அது. நாம் வாழ்க்கையில் ஒரு தடவை கட்டில் விற்கிறோம். அவன் தினமும் கட்டில் வாங்குகிறான்.

பேராசைதான் காரணம் என்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். யுபிஐயில் யாரும் யாரிடமும் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பலாம் என்ற வசதி இருந்தது. மோசடிக்காரர்கள் கோரிக்கையை அனுப்பிவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் "உங்களுக்குப் பணம் வருகிறது" என்று போடுவார்கள். பார்க்கிறவர் பின் போட்டால் பணம் போகும். தனி ஆளுக்குத் தனி ஆள் அனுப்பும் இந்தக் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்தியது. மக்களின் ஆசை குறைந்ததால் நிறுத்தவில்லை. கதவு தப்பாக வைக்கப்பட்டிருந்தது, மூடினார்கள். இத்தனை வருஷம் அந்தக் கதவு வழியாகப் பணம் இழந்தவர்களை "ஆசைப்பட்டே, அனுபவி" என்று சொன்னோமே, அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. கியூஆர் வழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

வசனத்தின் பெரிய கெடுதல் பணம் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. தலைமையாசிரியை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மகனுக்குத் தெரிந்தால் "ஏம்மா, இரண்டு மடங்கு வரும்னா நம்பிடுவியா?" என்று கேட்பான் என்ற கூச்சம். பாஸ்புக்கில் மகன் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. 1930 என்ற உதவி எண் எதற்காக இருக்கிறது? அழைத்ததும் புகார் பதிவாகி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்கு. எல்லாம் நேரக் கணக்கு. முதல் மணி நேரத்தில் சொன்னால் கிடைக்கக்கூடிய பணம், மறுநாள் நாலு கணக்கு தாண்டி ஏதோ ஓர் ஊர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நம் "ஆசைப்பட்டாதானே" தின்றுவிடுகிறது.

கெடுதல் முன்னாலும் உண்டு. "நான் ஆசைப்படுகிறவன் இல்லை, எனக்கு இது நடக்காது" என்று நம்புகிறவர் எதையும் தெரிந்துகொள்ள மாட்டார். தெரிந்துகொள்ள வேண்டியதோ ரொம்பக் கொஞ்சம். பணம் வாங்க நீங்கள் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். எவன் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடிக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னாலும் அதே பதில். பொருள் கண்ணெதிரே இருக்க, ஆள் கண்ணெதிரே நிற்க, ரொக்கமாகவோ உங்கள் கியூஆரை அவர் ஸ்கேன் செய்தோ பணம் வரட்டும். வந்ததா என்று அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டிலும் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸிலும் பார்க்காதீர்கள். இரண்டையும் போலியாகச் செய்யலாம். உங்கள் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். "3,000-க்குப் பதில் 30,000 போட்டுட்டேன், மீதியை அனுப்புங்க" என்று பதறுகிறவரிடம், வங்கி வழியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பொருள் சின்னதாக இருந்தால் வீட்டுக்கு வரச் சொல்லாமல் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கைமாற்றலாம். பழைய போன் என்றால் எல்லாவற்றையும் அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் மாட்டுகிறவர்கள் உண்டு. வாங்க வந்தவர் நேரில் வந்து சரியான தொகையை அனுப்பிப் பொருளை எடுத்துப்போவார். சில வாரம் கழித்து விற்றவரின் கணக்கு முடங்கும். வந்த பணம் வேறு யாரிடமோ திருடப்பட்டது, அதன் தடம் உங்கள் கணக்கு வரை வந்திருக்கிறது என்பார்கள். நியாயமாக விற்று, நியாயமான விலை வாங்கியவர், எங்கேயோ ஒரு மாநில சைபர் போலீஸுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருப்பார். இவர் எதற்கு ஆசைப்பட்டார்? விளம்பரத்தின் நகலையும் வாங்கியவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருப்பது அப்போது உதவும். அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

இந்த வசனத்தால் லாபம் அடைகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் பக்கம் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் சொல்லும் வரை போனதெல்லாம் அவர் தலையில். பின்னைத் தன் கையாலேயே போட்டவரை எந்தப் பெட்டியில் வைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு விதி. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பணம் கிளம்பிய வங்கி பாதி, போய்ச் சேர்ந்த வங்கி பாதி. படுமோசமான அலட்சியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் வங்கியுடையது. அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட ஆசை குறைந்தவர்கள் என்பதற்காக இந்த விதி வரவில்லை. பணம் போய்ச் சேரும் வங்கியின் பாக்கெட்டிலும் கை வைத்தால்தான், யாருக்குக் கணக்கு திறக்கிறோம் என்று அது பார்க்கும் என்ற கணக்கில் வந்தது.

நம் ஊரில் எண்பது வயதுப் பெரியவர் ஓய்வூதியம் எடுக்கப் போனால், கேஒய்சி புதுப்பிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆதார் கொண்டுவா, பான் கொண்டுவா, கைரேகை பதியவில்லை, நாளைக்கு வா. அந்த 18,000 போய் விழுந்த கணக்கும் ஏதோ ஒரு வங்கியில், ஆதாரும் பானும் போட்டோவும் கொடுத்துத் திறந்த கணக்குதான். யாரோ ஒரு மாணவன் சில ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டதாகவும் இருக்கலாம். ஒரே நாளில் எங்கெங்கிருந்தோ பணம் கொட்டி, சில நிமிஷத்தில் வழித்தெடுக்கப்பட்டபோது அந்த வங்கியின் கம்ப்யூட்டர் என்ன பார்த்துக்கொண்டிருந்தது? தலைமையாசிரியையிடம் ஏன் நம்பினீர்கள் என்று மகன் கேட்டார், போலீஸ் கேட்டது, அக்கம்பக்கம் கேட்டது. அந்தக் கிளைக்குப் போய் இந்தக் கணக்கை யார் திறந்தார்கள், எப்படித் திறந்தீர்கள் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.