பின்னின்று தள்ளுவோர்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பர் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். தோளில் காமிரா, கையில் இட்லிப் பொட்டலம். "புறப்படும்வே, ரயில் பிடிக்கப் போவோம்" என்றார். ரயிலைப் பிடித்து எங்கே செல்வதாக உத்தேசம் என்று வினவினோம். "எங்கும் செல்வதற்கில்லை, படம் பிடிக்கத்தான்" என்றார்.

நண்பர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். 1979-ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், ஒரு தகரப் பெட்டியுடன் பம்பாய் வந்து இறங்கியவர். இப்பொழுது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, குடும்பத்துடன் ஊருக்கே திரும்ப இருக்கிறார். "எத்தனை தரம் இந்த மலையை ஏறி இறங்கியிருப்போம்! அத்தனை தரமும் வண்டிக்குள்ளேதான் இருந்தோம். ஒரு நாளாவது வெளியே நின்று பார்த்தோமாவே?" என்று கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

மும்பையிலிருந்து புனே வழியாகத் தென்னாடு செல்லும் வண்டிகள் கர்ஜத் நிலையத்தில் நின்று, அதற்கப்பால் 'போர் காட்' என்னும் மலைவழியில் ஏறி லோனாவளாவை அடைகின்றன. மின்சார வண்டியில் கர்ஜத் சென்று சேர்ந்தோம். நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டுவதில்லை, தண்டவாளத்தில் இறங்குவதில்லை என்று முதலிலேயே உடன்படிக்கை செய்துகொண்டோம். 1930 முதல் ஓடிவரும் டெக்கான் குயின் வண்டி காலையில் மலையிறங்கி வந்தது. நண்பர் விரலை அழுத்தினார். படத்தில் ஒரு தூணும், வடா பாவ் விற்பவரின் கூடையும் அழகாக விழுந்திருந்தன, வண்டியைத்தான் காணோம்!

சென்னை விரைவு வண்டி பிற்பகலில்தான் வரும். அதுவரை எதிரே நின்ற மலையைப் பார்த்துக்கொண்டே இட்லியைத் தின்றோம். அம்மலையில் பாதை அமைக்கும் வேலை 1856-இல் தொடங்கி 1863-இல் முடிந்தது. பாறையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைத்தனர். 1861-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 42,000 பேர் அங்கே உழைத்தனர். கொள்ளைநோய்க்கு இரையானோர் பலர். ஒப்பந்தக்காரரான சாலமன் டிரெட்வெல் 1859-இல், இந்தியா வந்த சில வாரங்களுக்குள் இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் அப்பொறுப்பை ஏற்று வேலையைத் தொடரச் செய்தார். நாம் உறங்கியபடியே கடந்து செல்லும் வழி இது.

அப்பாதையின் ஏற்றம் மிகக் கடுமையானது. செங்குத்தான இடங்களில் 37 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயர வேண்டும். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்திற்குள் 550 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். நீண்ட வண்டியை முன்னுள்ள ஒரே எஞ்சின் தனியாக இழுத்து ஏற இயலாது. எனவே கர்ஜத்தில் வண்டியின் பின்புறம் வேறு எஞ்சின்களைக் கோக்கிறார்கள். முன்னது இழுக்க, பின்னவை தள்ளுகின்றன. லோனாவளாவில் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். வண்டி தன் வழியே போக, அவையோ மீண்டும் கீழிறங்கி அடுத்த வண்டிக்காகக் காத்து நிற்கின்றன.

சென்னை வண்டி வந்தது. பின் எஞ்சின்கள் மெல்ல வந்து முட்டியதும் வண்டி முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. முகப்பைப் படமெடுக்க நண்பர் ஓடினார்; அங்கே கூட்டம் மறைத்துவிட்டது. "கவலை வேண்டாம், கண்டாலாவில் மடக்கிவிடுவோம்" என்று, முன்பே அமர்த்தியிருந்த வாடகைக் காரில் ஏறினார். கோபோலி வழியாக மலைச்சாலையில் விரைந்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையன்று லோனாவளா செல்லாதவர் யார்? வாகன நெரிசலில் கார் ஊர்ந்தது. நண்பர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

கண்டாலா நிலையத்தை நாம் அடைந்த பொழுது வண்டியின் முகப்பு கடந்து போயிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. நண்பர் மனமுடைந்து, ஏதோ ஒன்றாவது கிடைக்கட்டுமென்று காமிராவை உயர்த்தினார். கடைசிப் பெட்டியின் பின்னால் அந்த எஞ்சின்கள் முனகிக்கொண்டு வந்தன. ஓட்டுநர் ஒருவர் சன்னல் வழியே கையசைத்தார். அன்று தெளிவாக அமைந்த படம் அது ஒன்றுதான்.

லோனாவளாவில் தேநீர் அருந்துகையில் நண்பர் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாம் கேளாமலே ஒரு செய்தியைச் சொன்னார்.

பம்பாய் வந்த நாளில் அவருக்குப் புகலிடம் தந்தவர் மாட்டுங்காவில் குடியிருந்த ஊர்க்காரப் பெரியவர் ஒருவர். ஒற்றை அறைக் குடித்தனத்தில் பாய் விரிக்க இடம் கொடுத்து, எட்டு மாதம் சோறு போட்டு, ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கித் தந்தார். சில ஆண்டுகளுக்குப் பின், ஊரிலிருந்து புதிதாய் வந்த பையன் ஒருவனைச் சில நாள் வைத்துக்கொள்ளுமாறு அவர் நண்பரைக் கேட்டார். நண்பருக்கு அப்பொழுதுதான் திருமணம் ஆகியிருந்தது. இடமில்லை என்று சொல்லிவிட்டார். பெரியவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. பையனைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். அந்த வெட்கத்தால் நண்பர் அவ்வீட்டுப் படியை மீண்டும் மிதிக்கவேயில்லை. பெரியவர் காலமான செய்தியும் பிறர் சொல்லித்தான் தெரிந்ததாம். அவருடைய மனைவி இன்னும் மாட்டுங்காவில் இருக்கிறார்.

"ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்வே" என்றார்.

மாலையில் சோலாப்பூர் செல்லும் வந்தே பாரத் வண்டி லோனாவளாவுக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய அவ்வண்டிக்குப் பின் எஞ்சின் வேண்டுவதில்லை. பல பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் இருப்பதால் தானே மலையேறி வருகிறது. நண்பர் அதைப் படமெடுக்கவில்லை. "இது தானாக ஏறிவிடும். நாம் அப்படி ஏறினோமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மாட்டுங்கா சென்றார். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. "ஆச்சி காபி கொடுத்தாள். இன்னும் இரண்டு தரம் வந்துவிட்டுப் போ என்றாள்" என்றார். குரல் சற்றுத் தழுதழுத்தது.

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் இரவு வண்டியில் ஊருக்குச் செல்பவர்கள். இனிச் செல்லும்பொழுது, கர்ஜத்தில் வண்டி நின்றதும் சற்று விழித்திருங்கள். பின்னாலிருந்து ஒரு மெல்லிய அதிர்வு வரும். குழந்தைகள் என்னவென்று கேட்டால், மலையேற்ற ஆள் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்படியே, உங்களை ஏற்றிவிட்டவரின் பெயரையும் சொல்லுங்கள்.