கொப்பியை மூடி வைக்க வேண்டாம்



எமது வாராந்தப் பெண்கள் குழுவில் நடந்த ஒரு சம்பவத்துடன் இம்மாதப் பக்கத்தைத் தொடங்குகின்றேன். அதில் பிழை விட்டவள் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகின்றேன்.

மருதமுனைப் பக்கத்து ராத்தா ஒருவர் எமது குழுவிற்கு வருகின்றவர். கைத்தறி நெய்பவர். 1990இல் கணவரையும், 2004 டிசம்பர் 26 கடல்கோளில் மகனையும் பறிகொடுத்தவர். ஒருநாள் கொப்பி ஒன்றைக் கொண்டு வந்து, "கத ஒண்டு எழுதிருக்கன், வாசிக்கட்டா?" என்று கேட்டார்.

கடலுக்கு அடியில் ஓர் ஊர் இருக்கின்றது. யுத்தத்தில் காணாமற்போனவர்களும் கடல் கொண்டு போனவர்களும் அங்கே ஒன்றாக வாழ்கின்றார்கள். தமிழர், முஸ்லிம் என்ற பிரிவு அங்கு இல்லை. பகலெல்லாம் தறியில் நெய்கின்றார்கள். கரையில் நாம் காணும் நுரை, அவர்கள் நெய்து அனுப்பும் துணியின் ஓரம். இதுதான் கதை.

வாசித்து முடிந்ததும் ஒருவர் "பச்சப் பொய்" என்று சிரித்தார். இன்னொருவர், "இந்த வயசில உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்றார். சமூகவியல் படித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்தா, கற்பனை எல்லாம் எதற்கு? உங்களுக்கு நடந்ததை எழுதினால் நாலு பேருக்குப் பிரயோசனமாக இருக்குமே" என்றேன். நல்லதென்று நினைத்தே சொன்னேன். அடுத்த மூன்று வாரமும் அவர் வந்தார், கொப்பி வரவில்லை.

வாசகரின் விமர்சனம் எழுதுபவரை வளர்க்குமா, வாயடைக்கச் செய்யுமா என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது. அந்த நேரம் நினைவுக்கு வந்தவர் வங்காளத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன்.

1880இல் பிறந்த ரொக்கையாவுக்குப் பாடசாலை வாய்க்கவில்லை. அண்ணனிடம் ஆங்கிலமும் மூத்த சகோதரியிடம் வங்க மொழியும் கற்றார். 1904இல், பெண்களின் தாழ்ந்த நிலைக்குக் காரணம் என்ன என்று கேட்டு வங்கச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. பின்னர் அக்கட்டுரையை நூலில் சேர்த்தபோது, கோபத்தைக் கிளப்பிய சில பந்திகள் அதில் இருக்கவில்லை.

அவர் அடங்கிப் போய்விட்டார் என்று நினைப்போம். ஆனால் 1905இல் 'சுல்தானாவின் கனவு' என்ற அவரது ஆங்கிலக் கற்பனைக் கதை வெளிவந்தது. வெளியிட்டது எமக்கு அண்மையில் உள்ள சென்னையில் இருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பெண்கள் சஞ்சிகை. அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆளுகின்றார்கள். யுத்தத்தில் தோற்ற ஆண்கள் வீட்டுக்குள் இருக்கின்றார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைக்கின்றார்கள், ஆகாயத்தில் வண்டி ஓட்டுகின்றார்கள். கட்டுரையில் சொன்னபோது பொறுக்க முடியாமற்போனதைவிடக் கூடுதலாகவே கனவில் சொல்லி விட்டார்.

அக்கதையின் முதல் வாசகர் அவரது கணவர். பிரயாணத்தில் இருந்து திரும்பியவர், நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். அதுவும் ஒரு விமர்சனம்தான். ஆனால் அதில் இளக்காரம் இல்லை. கதை தன்னைத் தைத்தது என்ற ஒப்புதல் இருந்தது. கணவர் 1909இல் காலமானார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் ரொக்கையா பாடசாலை தொடங்கினார். ஊர் அவரது நடத்தையைப் பற்றியும் கதைத்தது. அதற்காக எழுதுவதை அவர் விடவில்லை. 1924இல் வெளிவந்த 'பத்மராக்' நாவலில் வேறொரு இடத்தைக் கற்பனை செய்தார். விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் மதபேதமின்றி ஒன்றாகத் தங்கி, படித்து, தொழில் செய்யும் இல்லம் அது. எங்களில் பலருக்கு அது கற்பனையாகவே தோன்றாது.

இன்னொரு உதாரணம், எமது உம்மாமாரும் விரும்பி வாசித்த கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கதையைத் திடீரென நிறுத்தி விட்டீர்களே, பாத்திரங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. ஆனால் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். வாசகருக்குக் காது கொடுப்பதும் பேனையை அவர் கையில் கொடுத்து விடுவதும் ஒன்றல்ல.

இனி எமது ராத்தாவிடம் வருவோம். நாலாவது வாரம், பாண்டிருப்பில் இருந்து வரும் தமிழ்ச் சகோதரி ஒருவர் அவர் அருகில் போய் இருந்தார். அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்த ஊரில சோறாக்குற ஆரு? என்ட மகனுக்கு வெள்ளனப் பசிக்குமே."

எவரும் பேசவில்லை. ராத்தா கொஞ்ச நேரம் யோசித்து, "அத நான் எழுதல்லயே தங்கச்சி" என்றார்.

அடுத்த கிழமை கொப்பி வந்தது. கடலடி ஊரில் இப்போது ஒரு குசினி இருக்கின்றது. வருகின்ற ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரையும் பிடித்த கறியையும் கேட்டு வைக்கும் உம்மா ஒருவர் இருக்கின்றார். உப்புக் கடலுக்குள் இருந்துகொண்டே கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடிக்கின்றார்கள். நாங்கள் சிரித்தோம்; அழவும் செய்தோம். முதற்பகுதியைவிட இது நல்ல கதை. அதை வளர்த்தது என் படிப்பல்ல, அந்தத் தாயின் கேள்வி.

அந்தக் கேள்வியும் ஒரு குறையைத்தான் காட்டியது. ஆனால் அந்த ஊர் இருக்கின்றது என்று ஏற்றுக்கொண்டு, அதற்குள் நின்று கேட்டது. நாங்களோ வாசலில் நின்று "ஏன் எழுதினாய்?" என்று கேட்டோம். பெண் எழுதும்போது அதிகமாக வருவது இந்த இரண்டாவது வகைதான். அது கதையைப் பற்றியதல்ல, அவளைப் பற்றியது.

ஆகவே சகோதரிகளே, மற்றவர் எழுதியதைக் கேட்கும்போது, "பிறகு என்ன?", "அந்த இடம் விளங்கவில்லை" என்று கதையைக் கேளுங்கள்; ஆளை விட்டு விடுங்கள். எழுதுகின்றவர்களே, கதையைப் பற்றிய கேள்வி கசந்தாலும் ஒரு கிழமை மனதில் வைத்துப் பாருங்கள். உங்களைப் பற்றிய பேச்சுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. பாதுகாப்புக்காக ஒரு பந்தியை எடுக்க வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். ரொக்கையாவின் நூலிலும் பந்திகள் குறைந்தன.

ராத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன மகள், உங்களுக்கும் கடலுக்குள்ள ஒரு வேல வெச்சிருக்கன்" என்றார். என்ன வேலை என்று இன்னும் சொல்லவில்லை. மூன்றாம் பகுதிக்காகக் காத்திருக்கின்றேன்.