கண்ணீருக்கு உரியவர்



2022 ஜனவரி 6 அன்று, 94ஆம் அகவையில் மறைந்தார் கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர். ரசிகர் கலங்கினர். நடிகனுக்கா இத்தனை கண்ணீர் என்று ஏளனம் பேசுவோர், அவர் வரலாற்றை அறியட்டும்.

பஹாமாஸ் தீவில் தக்காளி பயிரிட்ட ஏழை உழவரின் மகன் அவர். நியூயார்க்கில் தட்டுக் கழுவினார். படிக்கத் திணறியவரை நாடகக் குழு விரட்டியது. உணவு விடுதியின் யூத முதியவர் ஒருவர் நாளேட்டைக் கொண்டே வாசிக்கக் கற்பித்தார். கற்றார், உயர்ந்தார். 1964இல், சிறந்த கதாநாயகனுக்கான ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்!

1967இல் வந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தில், காவல் அதிகாரியான அவரை வெள்ளைப் பண்ணையார் அறைகிறார். அக்கணமே அறை திரும்புகிறது. அடிபட்டே பழகிய மக்கள் அங்கே தம் மானத்தைக் கண்டனர்!

விருதோடு விடுதலை வந்ததா? அடுத்த கறுப்பினத்தவர் அவ்விருதைப் பெற 38 ஆண்டுகள் ஆயின. ஒருவர் சூடும் மகுடம் ஓரினத்தின் விடுதலை ஆகிவிடாது. விருது பெற்ற அதே ஆண்டில், வாக்குரிமைக்குப் போராடிய இளைஞர்கட்காக நண்பர் ஹாரி பெலஃபான்டேயுடன் மிசிசிப்பிக்குப் பணம் சுமந்து சென்றார் பாய்ட்டியர். நிறவெறியர் வண்டிகள் துரத்தின. அவர் திரும்பி ஓடவில்லை.

அழுவோர் அழட்டும்! ஆனால் விருது மேடையை நினைந்து மட்டுமன்று, அந்த இருண்ட சாலையையும் நினைந்து அழட்டும்!