பஸ்ஸை விரட்டினால் நெரிசல் தீர்ந்து விடுமா?

சென்னையில் நெரிசல் என்று எப்போது பேச்சு எழுந்தாலும் ஆட்சியாளர்களின் கண்ணில் முதலில் படுவது பஸ் நிலையம்தான். அடுத்துப் படுவது நடைபாதைக் கடை. ஒற்றை ஆளைச் சுமந்து கொண்டு சாலையை அடைத்து நிற்கும் கார் மட்டும் எந்தக் காலத்திலும் கண்ணில் பட்டதில்லை. எப்படிப் படும்? பார்ப்பவர் அந்தக் காருக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். ஜார்ஜ் டவுனில் நெரிசல் என்றார்கள். 1996-இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அப்போதும் நெரிசல் என்றார்கள். 2002 நவம்பரில் பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ்களும் கோயம்பேட்டுக்குப் போயின. சந்தையும் போனது, பஸ்ஸும் போனது. நெரிசல் போனதா? தம்புச் செட்டித் தெருவிலும் மண்ணடியிலும் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். காலியான இடத்தைக் காரும் வேனும் பிடித்துக் கொண்டன. ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கி, கால்நடையாகவே கடை கடையாய் ஏறிச் சரக்கு எடுத்துப் போன சில்லறை வியாபாரி மட்டும்தான் குறைந்து போனார்.

வெளியூர் பஸ் காலமெல்லாம் பாரிமுனையிலேயே நிற்க வேண்டும் என்று நாம் அடம் பிடிக்கவில்லை. ஊர் பெருத்தால் பஸ் நிலையம் நகரத்தான் வேண்டும். ஆனால் நகர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பாதை, பிறகு நிலையம். வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகா கிணறு தோண்டுவது?

கோயம்பேட்டில் நடந்தது அதுதான். பஸ் நிலையம் திறந்தது 2002-இல். அதன் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 2015 ஜூனில். பதின்மூன்று ஆண்டுகள்! சரி, தாமதமானாலும் வந்ததே என்று மக்கள் ஆறுதல் அடைந்தார்கள். 2019 பிப்ரவரியில் மண்ணடியிலும் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. தெற்கே திருநெல்வேலியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ பஸ்ஸில் வருபவர் கோயம்பேட்டில் இறங்கி, மெட்ரோ ஏறி, நடுவில் ஒரு முறை மாறி, மண்ணடியில் கடை வாசலுக்கே வந்து விடலாம் என்ற நிலை உருவானது. இது பொறுக்குமா நம் திட்டமேதைகளுக்கு? 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையத்தைத் திறந்தார்கள். தெற்கத்திப் பஸ்களை அடுத்த சில வாரங்களில் அங்கே கொண்டு போனார்கள். மெட்ரோ வந்த இடத்திலிருந்து பஸ்ஸை எடுத்து, மெட்ரோ இல்லாத இடத்தில் கொண்டு போய் நிறுத்தினார்கள்!

கிளாம்பாக்கம் கட்டடத்துக்கு ஏறத்தாழ 400 கோடி ரூபாய். 88 ஏக்கர் பரப்பு. கட்டடத்தில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது. நிலையம் திறந்து ஓராண்டு ஆன பிறகும் அங்கே ஒரு மின்சார ரயில் நின்றபாடில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டுவதற்குத் தேவைப்படுவது சுமார் 15 கிலோமீட்டர். பஸ் நிலையம் திறந்த நாளில் அந்த வழியில் ஒரு தூண் கூட நடப்படவில்லை. அதிகாலை நான்கு மணிக்குக் கைக்குழந்தையோடும் மூட்டையோடும் இறங்குகிற பெண் என்ன செய்வார்? மாநகரப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். வெளியூர் பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்ததை விட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம் என்று புலம்புகிறவர்களை நாமே கண்டிருக்கிறோம். 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் போதிய பஸ் இல்லையென்று பயணிகள் அங்கே மறியலில் இறங்கினார்களே, அவர்கள் என்ன வேலையற்றவர்களா?

இப்படிப்பட்ட குளறுபடிகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? பஸ், மின்சார ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் திட்டமிட, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010-இல் நிறைவேற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2019-இல். ஒன்பது ஆண்டுகள் அலமாரியில் தூங்கியது. இடையில் ஆட்சி மாறியது, அலமாரி மாறவில்லை. இரண்டு கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. எல்லாப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் செயலி ஒருவழியாக 2025-இல் வந்தது. வரவேற்கிறோம். டிக்கெட் ஒன்றாகி விட்டது. பஸ் நிற்கும் இடமும் ரயில் நிற்கும் இடமும் எப்போது ஒன்றாகும்?

காசில்லை என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை சுமார் 3 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாய் மதிப்பீட்டில் உயர்மட்டச் சாலை கட்ட 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே சாலைக்கு அடியில் 2018 மே மாதம் முதல் மெட்ரோ ஓடுகிறது. அடியில் ரயில், நடுவில் சாலை, மேலே இன்னொரு சாலை! சென்னையின் முதல் மேம்பாலம் ஜெமினியில் கட்டப்பட்டது 1973-இல். அன்று முதல் இன்று வரை எத்தனை பாலம் கட்டினார்கள்! எந்தப் பாலத்தால் நெரிசல் ஒழிந்தது? ஒரு சந்திப்பில் நின்ற கார்கள் அடுத்த சந்திப்பில் போய் நிற்கின்றன. அவ்வளவுதான். மக்களை நகர்த்தத் திட்டமிடுங்கள், வாகனங்களை அல்ல என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் என்று சென்னை மாநகராட்சியே 2014-இல் கொள்கை வகுத்தது. வகுத்தவர்களே அதைத் திரும்பப் படித்தார்களா என்பது நமக்குத் தெரியாது. நடைபாதை தேடி நடுரோட்டில் நடக்கும் முதியவரைக் கேட்டால் தெரியும்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு. மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் இலவசப் பஸ்ஸும் பாலத்து நெரிசலில்தானே மாட்டிக் கொண்டு நிற்கிறது!

அரசை மட்டும் திட்டி விட்டுப் போனால் இந்தக் கட்டுரை எளிதாக முடிந்து விடும். வியாபாரப் பெருமக்களே, நம் பக்கத்துக்கும் வருவோம். நம் சங்கங்கள் அதிகாரிகளைச் சந்திக்கும் போதெல்லாம் கேட்பது என்ன? பார்க்கிங்! கடை வாசலில் கார் நிறுத்த இடம்! அந்தக் கார் யாருடையது? பெரும்பாலும் கடைக்காரருடையது. காலையில் நிறுத்தினால் இரவு ஷட்டர் இறக்கும் போதுதான் எடுக்கிறோம். வாடிக்கையாளர் நடந்து வரும் வழியை நாமே அடைத்துக் கொண்டு வியாபாரம் டல் என்கிறோம். தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். கார் நுழையாத தெரு. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிற கூட்டம் நேராகக் கடைக்குள் போகிறது. அங்கே பார்க்கிங் இல்லாததால் கடை மூடினோம் என்று சொன்னவர் உண்டா?

பயம் இயல்புதான். தென் கொரியத் தலைநகர் சியோலில் ஓர் ஓடையின் மேல் எழுப்பியிருந்த உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கிய போது அங்கிருந்த வியாபாரிகளும் எதிர்த்தார்கள். 2004-இல் பஸ் தடங்கள் மாற்றியமைக்கப்பட்டு, சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனிப் பாதைகள் விரிவாக்கப்பட்டன. 2005-இல் ஓடை திறக்கப்பட்டது. சாலை போனதால் நகரம் நின்று விடவில்லை. ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் திட்டத்தில் இடம் பெயர்க்கப்பட்ட தெருவோர வியாபாரிகள் மிகவும் நொந்து போனார்கள். ஆகவேதான் சொல்கிறோம், வரைபடம் மேஜையில் இருக்கும் போதே நம் ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு கொடி பிடித்துப் பயனில்லை.

இளைஞர்களே, தவணையில் பைக் வாங்கி, சம்பளத்தில் பாதியைப் பெட்ரோலுக்கும் வட்டிக்கும் கட்டுவது பெருமையா? பஸ் ஒழுங்காக வந்தால் அந்தப் பணம் யார் வீட்டில் இருக்கும்? கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் பகுதியில் எந்தத் தடப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை வராமலே போகிறது என்று ஒரு வாரம் நின்று குறித்துக் கொண்டு வாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு தாளையும் இணைத்து, கிளாம்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு இரவு முழுவதும் நேரடிப் பஸ் வேண்டும், பஸ்ஸுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று வணிகர் சங்கத்தின் மனு போகட்டும். அதில் பார்க்கிங் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.