அங்குலக் கணக்கும் எங்கள் முகங்களும்

2021 ஓகஸ்ற் மாத இறுதியில், பிரான்சின் அன்றைய கல்வி அமைச்சர் ஜோன்-மிஷேல் பிளங்கேர் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு கவலையை வெளியிட்டார். பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணத்தைப் பற்றிய கவலை அது. செப்ரெம்பர் மாதத்தில் தட்டைத்திரைத் தொலைக்காட்சிகள் மற்ற மாதங்களைவிடச் சிலவேளை கூடுதலாக வாங்கப்படுகின்றன, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற கருத்துப்பட அவர் பேசினார். பத்திரிகைகள் விற்பனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்து அப்படியொரு ஏற்றம் இல்லையென்று எழுதின. ஆனாலும் என்ன? கொப்பி வாங்கக் கொடுத்த காசில் ஏழை ரி.வி. வாங்குகிறான் என்ற கதை ஊரெல்லாம் பரவி முடிந்திருந்தது.

அமைச்சரை விட்டுவிடுவோம். அவருடைய வர்க்கத்துக்கு அது இயல்பு. எனக்குக் கோபம் வருவது எங்களுடைய புத்திஜீவிகள்மீதுதான். புகலிடத்தில் நடக்கும் எந்த இலக்கியச் சந்திப்பிலும் யாராவது ஒருவர் எழுந்து, 'நம்மவர்கள் நுகர்வுக் கலாசாரத்தில் மூழ்கிவிட்டார்கள், வீட்டில் ஒரு புத்தகம் இல்லை, ஆனால் சுவர் நிறைய ரி.வி.' என்று சொல்லாமல் இருப்பதில்லை. சபையும் தலையை ஆட்டும். அமைச்சர் பிரெஞ்சில் சொன்னதை இவர்கள் தமிழில் சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரிய திரை யாருக்குத் தேவை என்று இவர்கள் ஒருநாளாவது யோசித்ததுண்டா? மாலையில் தியேட்டருக்குப் போகக்கூடியவனுக்கு அது அவ்வளவு தேவையில்லை. ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்பவனின் நாள் இரண்டாக வெட்டப்பட்ட நாள். பகல் சேவிஸ் முடிந்து மாலைச் சேவிஸ் தொடங்கும்வரை இடையில் சில மணித்தியாலங்களை எங்காவது தொலைக்க வேண்டும். ஊரெல்லாம் படம் பார்க்கப் போகும் வெள்ளி, சனி இரவுகளில்தான் எங்களுக்குக் கோப்பைகள் மலைபோலக் குவிகின்றன. கடைசி மெற்றோவில் வந்து இறங்கி, பிள்ளைகள் நித்திரையான பிறகு, இரவு ஒரு மணிக்கு ஒரு படத்தைப் போட்டு அரைவாசியாவது பார்த்தால் அதுதான் எங்கள் தியேட்டர். முழங்கால் நோவோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கின்ற, பிரெஞ்சு தெரியாத அம்மாவுக்கோ அதுதான் வெளியுலகம். இந்தச் சனம் நல்ல ரி.வி. ஒன்றுக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்பவர்கள் முதலில் எங்களுடைய வேலைநேர அட்டவணையைப் பார்க்கட்டும்.

ஆகவே ரி.வி. வாங்குவது குற்றமல்ல. நாம் வாங்குகின்ற விதத்தோடுதான் எனக்குச் சண்டை.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர்கள், ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராய்ப் படுத்து எழும்பியவர்கள், ரி.வி. வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: 'பால், செக்காம் இரண்டும் வேலை செய்யுமா?' பிரான்சின் ஒளிபரப்பு செக்காம் முறையில் இருந்தது. வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பட வீடியோக் கசெற்றுகள் பால் முறையில் இருந்தன. இரண்டுக்கும் ஒத்துப்போகாத பெட்டியில் கமலஹாசன் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிவார். ஆங்கிலமும் பிரெஞ்சும் அரைகுறையான அந்த மனிதர்கள் தாங்கள் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற பெட்டியைத் தேடினார்கள். இன்று கையில் போனும் அதில் உலகத்தின் தகவல் முழுவதும் இருக்கின்ற நாம் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: 'எத்தனை இஞ்சி?'

அந்தக் கேள்வியும் எங்களுடையதல்ல. அது குடிபூரலுக்கு வருபவர்களின் கேள்வி. மச்சான் வீட்டில் அறுபத்தைந்து என்றால் நம் வீட்டில் எழுபத்தைந்து. ஹோலின் நீளம் எவ்வளவு, செற்றி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. அளவுநாடாவை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. மூலைவிட்டத்தின் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருந்து பார்த்தால் சினிமாவுக்குப் போதுமான அகலத்தில் படம் கண்ணை நிறைக்கும் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குலத் திரையின் மூலைவிட்டம் 140 சென்ரிமீற்றர். அதற்கு இரண்டேகால் மீற்றர் தூரம் போதும். 65 அங்குலத்துக்கு இரண்டரை மீற்றரைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். 75 அங்குலத்துக்கு மூன்று மீற்றர். புறநகர்த் தொடர்மாடியில் எங்களில் எத்தனைபேரின் ஹோல் செற்றிக்கும் சுவருக்குமிடையே மூன்று மீற்றரைத் தருகிறது?

'கிட்ட இருந்து பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரியும்தானே' என்பார்கள். தெரியும். ஆனால் என்ன தெரியும்? நாம் பார்ப்பதில் பெரும்பகுதி யூரியூப்பில் யாரோ ஏற்றிவிட்ட பழைய படங்கள், நெருக்கிச் சுருக்கி அனுப்பப்படுகின்ற சீரியல்கள், செய்திகள். 4 கே திரையில் 2160 வரிகள் உள்ளன. பழைய படத்தின் பிரதியில் 480 வரிகள் இருந்தால் அதுவே பெரிய விடயம். அப்போது ஒவ்வொரு வரிக்கும் மேலதிகமாக மூன்றரை வரியை ரி.வி. தானே ஊகித்து நிரப்பவேண்டும். இந்த ஊகிக்கும் வேலையைச் செய்வது உள்ளேயிருக்கும் செயலி. மலிவான பெரிய திரையில் கொம்பனி முதலில் மிச்சம் பிடிக்கின்ற இடங்களில் அதுவும் ஒன்று. விளைவு, சாவித்திரியின் முகம் எழுபத்தைந்து அங்குலத்துக்கு ஊதிப்போன களிமண். போதாக்குறைக்கு, 'இரண்டு பக்கமும் கறுப்பாய்க் கிடக்கிறது' என்று ரிமோட்டை அமத்திப் படத்தை அகலத்துக்கு இழுத்தும் விடுகிறார்கள். 1961இல் வந்த 'பாசமலர்' நாலுக்கு மூன்று என்ற சட்டத்தில் எடுக்கப்பட்ட படம். அதை இழுத்தால் சிவாஜியும் குள்ளர், சாவித்திரியும் குள்ளம். பக்கத்துக் கறுப்பு அப்படியே கிடக்கட்டும், அது படத்துக்குச் செய்கின்ற மரியாதை.

இனிக் கடைக்கு வருவோம். கடை என்பது ரி.வி.யைத் தெரிவு செய்வதற்கு மிக மோசமான இடம். மேலே வெள்ளை வெளிச்சம் கொட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் வெல்லும்படி எல்லாத் திரைகளும் உச்சப் பிரகாசத்தில், உச்ச நிறத்தில் விடப்பட்டிருக்கின்றன. ஓடுவதோ கிளிகளும் பழங்களும் பவளப் பாறைகளும். நாங்கள் வீட்டில் கிளி பார்ப்பதில்லை. எங்கள் படங்களில் மனிதர்கள் வருகிறார்கள், அதிலும் கறுத்த மனிதர்கள். இரவில், குப்பிவிளக்கடியில், மழைக்குள் நிற்கிறார்கள். 1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராம் வெளிச்சத்தைவிட இருட்டை வைத்துத்தான் கூடுதலாக வேலை செய்திருப்பார். அந்த இருட்டுக்குள் கறுத்த முகமொன்று முகமாகவே தெரியவேண்டும் என்றால், திரைக்கு உண்மையான கறுப்பைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பைச் சாம்பலாகக் காட்டும் திரையிலும், இருட்டை ஒரே தாராக அப்பிவிடும் திரையிலும் முதலில் காணாமல் போவது எங்கள் முகங்கள்தான். வெள்ளைத் தோல் எந்த மலிவுத் திரையிலும் எப்படியோ தப்பிக்கொள்கிறது.

எனவே அங்குலத்துக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் திரை இருட்டை எப்படிக் காட்டுகிறது?

பெயர்களைப் பார்த்து மயங்கவேண்டாம். ஓ.எல்.ஈ.டி. என்பதும் கியூ.எல்.ஈ.டி. என்பதும் எழுத்தில் அண்ணன் தம்பி போலிருந்தாலும் வேறு வேறு சாதனங்கள். முன்னையதில் ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிர்ந்து தானாக அணையும். அணைந்தால் முழுக் கறுப்பு. பின்னையது பின்விளக்கு வைத்த பழைய எல்.சி.டி.தான். நிறத்தைச் செழிப்பாக்க ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. மினி எல்.ஈ.டி. என்றால் அந்தப் பின்விளக்கைச் சிறு சிறு விளக்குகளாக்கி, பகுதி பகுதியாக அணைக்கவும் கூட்டவும் வசதி செய்திருக்கிறார்கள். எத்தனை பகுதிகள் என்பதுதான் அங்கே விடயம். எச்.டி.ஆர். என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பவேண்டாம். மலிவுத் திரையும் அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவதற்கு அதனிடம் பிரகாசம் இருக்காது.

எல்.சி.டி.யிலும் இரண்டு சாதி. வி.ஏ. என்ற வகை கறுப்பை ஓரளவு ஆழமாகக் காட்டும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெளிறிப்போகும். ஐ.பி.எஸ். என்ற வகை பக்கத்திலிருந்தும் வடிவாகத் தெரியும், ஆனால் அதன் கறுப்பு சாம்பல்தான். எங்கள் வீடுகளில் எல்லோரும் ரி.வி.க்கு நேரெதிரே வரிசையாய் இருப்பதில்லை. செற்றியில் இரண்டுபேர், நிலத்தில் பிள்ளைகள், சுவரோரக் கதிரையில் அம்மா. ஆகவே யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும். எல்லோரும் முன்னால் இருக்கக்கூடிய வீடென்றால் பகுதி பகுதியாக அணையும் மினி எல்.ஈ.டி., வி.ஏ. வகையில், நல்ல தெரிவு. பக்கத்தில் ஆள் இருக்கும், இரவில்தான் படம் பார்ப்பது என்றால் காசைச் சேர்த்து ஓ.எல்.ஈ.டி. வாங்குவதே சரி. ஒரு எச்சரிக்கை: விடியத் தொடங்கிச் சாமம்வரை ஒரே செய்திச் சனல் ஓடுகின்ற வீடுகளுக்கு ஓ.எல்.ஈ.டி. ஆகாது. மூலையில் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டியும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்து திரையில் வடுவாய்ப் பதியக்கூடும்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் ஆகக்குறைந்த முழுநேரச் சம்பளம் கையில் கிடைப்பது 1400 யூரோவுக்குச் சற்று மேலே. அதில் 700, 800 யூரோவை ஒரு பொருளுக்குக் கொடுப்பவன் ஏமாறக்கூடாது. புதிய மொடல்கள் பெரும்பாலும் வசந்தகாலத்தில் வருகின்றன. அப்போதும் ஜனவரி, ஜூன் தள்ளுபடிக் காலங்களிலும் முந்திய வருட மொடல்களின் விலை இறங்கும். 55 அங்குல ஓ.எல்.ஈ.டி. ஆயிரத்துக்குக் கீழே வருவதும் அப்போதுதான். ஒரு வருடப் பழசு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதேகாசுக்குக் கிடைக்கும் எழுபத்தைந்து அங்குல மலிவுத் திரையைவிட அது பலமடங்கு மேல். பத்து மாதத் தவணை என்ற தூண்டிலில் எழுபத்தைந்தை மாட்டி வைத்திருப்பார்கள். கடித்துவிடாதீர்கள்.

மலிவு என்பதும் எப்போதும் மலிவல்ல. அமெரிக்காவில் விஸியோ கொம்பனி, வாங்கியவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரியாமலே திரட்டி விற்றதற்காக 2017இல் 22 இலட்சம் டொலர் கட்ட நேர்ந்தது. புதிய ரி.வி.யை முதன்முதல் போடும்போது கேட்கப்படும் சம்மதங்களுக்கெல்லாம் 'ஓம்' என்று அமத்திக்கொண்டே போகவேண்டாம். மின்சாரச் சிட்டையில் உள்ள இலக்கத்தையும் வாசியுங்கள். ஆயிரம் மணித்தியாலத்துக்கு 100 அலகு என்று போட்டிருந்தால், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடுகின்ற வீட்டில் வருடத்துக்கு 180 அலகுக்குச் சற்றுக் கூட. அலகு 20 சதமென்றால் 36 யூரோ. சட்டப்படி இரண்டு வருட உத்தரவாதம் எப்படியும் உண்டு. அந்த இரண்டு வருடத்துக்கே கடைக்காரன் தலையில் கட்டப்பார்க்கும் மேலதிகக் காப்புறுதிக்குக் காசு கொடுப்பது வீண். 2025 ஜனவரியிலிருந்து பிரான்சில் ரி.வி.களுக்கு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்குப் பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போடுகிறார்கள். விலைக்குப் பக்கத்தில் அதையும் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அசைவை வழுவழுப்பாக்குகிறேன் என்று ரி.வி. இடையில் தானாகப் படங்களைச் செருகும் வசதியை அணைத்துவிடுங்கள். அது எந்தத் திரைப்படத்தையும் சீரியலாக்கிவிடும். 2018இல் ரொம் குரூசே இதை அணைக்கும்படி கேட்டு வீடியோ வெளியிட்டார். 'பிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று இருந்தால் அதில் விடுங்கள். முதல் நாள் நிறம் மங்கலாய்த் தோன்றும். மூன்றாம் நாள் மனிதர்களின் தோல் தோலாகத் தெரியத் தொடங்கும்.

நுகர்வுக் கலாசாரம் பற்றிப் பேசுகின்ற நண்பர்களே, ஏழை எதை வாங்கக்கூடாது என்று சொல்ல அமைச்சர்கள் போதும். எங்களுக்குத் தேவை, ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று சொல்லுகின்ற ஆட்கள். அந்த வேலையை நீங்கள் செய்யாததால்தான் கிளிகளைக் காட்டிக் கடைக்காரன் செய்துகொண்டிருக்கிறான். கடைக்குப் போகின்ற சனத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பென் டிரைவில் நல்ல இராக்காட்சி ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். உச்சப் பிரகாசத்தை அணைத்து அதைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். கடைக்காரன் முகத்தைச் சுழிப்பான், சுழிக்கட்டும். அந்த இருட்டுக்குள் நிற்பவன் யாரென்று தெரியாவிட்டால், எத்தனை அங்குலமானாலும் அடுத்த கடைக்கு நடவுங்கள்.