கங்கையில் விட்ட ஆமைகளிடம் நாம் கேட்காத கேள்வி

1986இல் கங்கைச் செயல்திட்டம் தொடங்கியபோது ஆமைகளுக்கும் அதில் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது. சம்பல் கரையில் திரட்டிய முட்டைகளைச் சாரநாத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, வாராணசியில் ஆற்றில் விட்டனர். அரைகுறையாய் எரிந்து நீரில் தள்ளப்படும் உடல்களை அவை தின்று தீர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது, ஆமை நமக்குக் கூலி கேட்காத துப்புரவுப் பணியாளர். அந்த நீர் ஆமையை என்ன செய்கிறது என்பது திட்டத்தின் கேள்வியாகவே இருக்கவில்லை. அக்கேள்வியை இப்போதாவது எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

ஆற்றின் தூய்மை பற்றிய நம் விவாதங்கள் கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மலக்கழிவு நுண்ணுயிர் ஆகிய மூன்று எண்களைச் சுற்றியே நடக்கின்றன. குளிப்பதற்கு நீர் உகந்ததா என்பதை அவை சொல்லும். கான்பூர் ஜாஜ்மௌ தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியமும், வயல்களின் பூச்சிக்கொல்லியும், நகரச் சாக்கடையும் ஒரே உடலுக்குள் சேரும்போது உயிரணுவில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லா. ஒவ்வொரு வேதிப்பொருளும் தனித்தனியே வரம்புக்குள் இருக்கலாம். உடல் அவற்றைத் தனித்தனியே பெறுவதில்லை.

இங்குதான் ஆமை பயன்படுகிறது. உயிரணு பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டோ, பின்தங்கிய முழுக் குரோமோசோமோ மையக்கருவில் சேராமல் தனியே ஒரு நுண்கருவாக நின்றுவிடும். மனிதனின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் கருவே இல்லை, ஆமையினதில் உண்டு. ஆகவே நரம்பிலிருந்து சில துளி இரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, கீம்சா சாயம், நல்ல நுண்ணோக்கி, பொறுமை ஆகியவை போதும். விலங்கைக் கொல்லவேண்டியதில்லை. டி.என்.ஏ. இழை முறிவை அளக்கும் காமெட் சோதனைக்கும் அதே துளிகள் உதவும்.

“மீன் போதாதா?” என்று ஒரு கருத்தரங்கில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மீனில் இவ்வாய்வுகள் நன்கு வேரூன்றியவை. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் ஆமை பல பத்தாண்டுகள் வாழ்வது. நீரில் மட்டுமன்றி நச்சு தங்கும் வண்டலிலும் புதைந்து கிடப்பது. அதன் சிவப்பணுக்களும் பல மாதங்கள் நிலைப்பவை. அமெரிக்காவின் சவானா ஆற்று அணுசக்தி வளாகத்திலும், அசர்பைஜானின் சும்காயித் தொழில்நகர ஈரநிலங்களிலும் ஆமை இரத்தத்தைக் கொண்டு மரபணுச் சேதத்தை ஆராய்ந்துள்ளனர். நாம் புதிதாய்க் கண்டுபிடிக்கவேண்டியது ஒன்றுமில்லை.

தடைகள் உண்டு. கங்கை மென்னோட்டாமை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; அனுமதியின்றித் தொடக்கூடாது. அந்தக் கடுமை தேவையானதே. கடத்தல்காரரிடமிருந்து மீட்கப்பட்ட ஆமைகளைப் பயன்படுத்தலாம் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை: எந்தக் குளத்திலிருந்து வந்தது என்று தெரியாத ஆமையின் இரத்தம் எந்த இடத்திற்கும் சாட்சியாகாது. பிடிபட்டு மூட்டையில் கிடந்த அவதியும் முடிவைக் குழப்பும்.

ஆனால் பொரிப்பகத்தில் வளர்ந்து ஆற்றில் விடப்படும் ஆமைகளுக்குப் பிறப்பிடம் தெரியும், வயது தெரியும், இரைகூடத் தெரியும். விடுவதற்குமுன் ஒருமுறை இரத்தம் எடுத்து, அடையாளமிட்டு, பின்னர் கண்காணிப்பில் அகப்படும்போது மறுமுறை எடுத்தால் ஒப்பீட்டுக்கான அடித்தளம் தானாகவே அமையும். தூய்மை மிகுந்த சம்பல் ஆமைகள் எதிர்முனை அளவாக நிற்கும். எந்த நச்சு என்று நுண்கரு சொல்லாது. பருவமும் வெப்பநிலையும் எண்ணிக்கையை மாற்றக்கூடும். எனவே அதே நாளில், அதே இடத்தில், நீரையும் வண்டலையும் சேர்த்தே அளக்கவேண்டும். வனத்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பல்கலைக்கழக ஆய்வகமும் ஒரே படகில் ஏறவேண்டிய வேலை இது. முனைவர் பட்டத்துக்கான மூன்றாண்டுகளில் ஒரு மாணவர் தனியே முடிக்கக்கூடியதன்று. விலங்கியல் துறைகளில் இதை எழுதி அனுப்ப அணியமாய் இருப்போர் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், முன்மொழிவின் முதல் வரைவு என்னிடம் இருக்கிறது.