அஞ்சு மணித்தியாலம் யாருடைய கணக்கு?

கரைத்தீவு என்றதும் பலருக்கு அம்பாறைக் கரைத்தீவுதான் ஞாபகம் வரும், விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். நான் சொல்வது புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துப் பக்கம் இருக்கிற கரைத்தீவை. இந்தக் கரையில், ஆள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வார்கள்: "கத்தார் என்ன தூரமா, பிளேன்ல அஞ்சு மணித்தியாலம்தானே."

பொய் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து டோஹா வான்வழியாக 3,600 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பறக்கிற நேரம் அஞ்சு மணித்தியாலம் அளவுதான். ஆனா அது பிளேனுடைய கணக்கு, அதில் போற ஆளுடைய கணக்கு இல்ல.

வீட்டில் ஒரு மவுத் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனாஸாவை நாங்கள் ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. அங்கே லீவு கேட்கணும், டிக்கட் எடுக்கணும், மூணு மணித்தியாலம் முந்தியே எயார்போர்ட்டில் நிற்கணும். டோஹாவில் இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே இறங்கும்போது விடியப்புறம் 3.30. இரண்டரை மணித்தியால நேர வித்தியாசம் வரும்போது நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், போகும்போது திருப்பித் தரும். (யாருக்கு வேணும் அப்போ?) 2013 இல் திறந்த அதிவேகப் பாதை எயார்போர்ட்டிலிருந்து கொழும்புக்குத்தான் போகிறது. நமக்கு நீர்கொழும்பு, சிலாபம் என்று பழைய ரோட்டில் புத்தளம் வரை நூறு கிலோமீற்றர் அளவு, அதுக்கப்புறம்தான் ஊர்.

இதையெல்லாம் விடப் பெரிய தூரம் ஒன்று கடதாசியில் இருந்தது. முதலாளியின் அனுமதி இல்லாமல் கத்தாரை விட்டு வெளிக்கிடவே ஏலாது. 2018 இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020 இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். எந்தப் புதுப் பிளேனையும் விட இதுதான் டோஹாவை நமக்குக் கிட்டக் கொண்டுவந்தது என்பேன்.

ஆனா வீட்டு வேலைக்குப் போன நம்ம பெண்களுக்கு ஒரு கொக்கி மிச்சம் வைத்தார்கள். நாட்டை விட்டுப் போவதற்கு 72 மணித்தியாலம் முந்தியே முதலாளிக்கு அறிவிக்கணும். வாப்பாவின் மவுத் மூணு நாளைக்கு முந்திச் சொல்லிவிட்டா வரும்? நல்ல முதலாளி என்றால் விடுவார். நல்ல முதலாளி கிடைப்பதை நம்பி ஒரு சட்டம் இருக்கக்கூடாது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியில் வோஷிங் மெஷின் பழக்குகிறார்கள், சரி. அவசரத்துக்கு ஊருக்கு வர என்ன வழி, யாரிடம் கேட்கணும், டிக்கட் காசு யார் தருவது என்பதையும் அங்கேயே பழக்கணும், ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கணும். ஏஜென்சிக்காரர் "அஞ்சு மணித்தியாலம்தான்" என்று சொன்னால், எங்க வீட்டு வாசலிலிருந்தா என்று திருப்பிக் கேளுங்கள்.